பீரங்கியின் இரண்டு பக்கங்கள்: போர் நூதனசாலைகள் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

போர் வரலாற்று நூதனசாலைகளைப் பார்ப்பது பற்றியும், அங்கு வைக்கப்பட்டுள்ள பொருள்களை மதிப்பிடுவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சில இம்முறை இடம்பெறுகின்றன.

கேள்வி: க.பொ.த. சாதாரண தர வகுப்பில் வரலாறு படிக்கும் பிள்ளைகளை யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்கும் கூட்டிச் செல்லவிருக்கிறேன். சென்ற முறை பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்ததோடு பயணம் முடிந்துவிட்டது. பழைய பீரங்கியொன்றில் அவர்களுக்கு எதைக் காட்டலாம்?
– ஆசிரியை ஒருவர், கோப்பாய்

பதில்: பீரங்கியிடம் போவதற்கு முன் பிள்ளைகளைக் கோட்டை மதிலின் மேல் ஒரு கொத்தளத்தில் நிறுத்துங்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658 யூன் மாதத்தில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின் அதைப் பிடித்த ஒல்லாந்தர், பிற்காலத்தில் அதனை ஐங்கோணமாக மாற்றி, மூலைகள் தோறும் கூர்முனையாக வெளியே நீளும் கொத்தளங்களை அமைத்து, அவற்றுக்குத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். ஒரு கொத்தளத்தின் பக்கச் சுவரிலிருந்து பார்க்கும் மாணவனுக்கு, அடுத்த கொத்தளம் வரை ஓடும் மதிலின் அடிப்பகுதி முழுவதும் கண்ணில் படும். மதிலோடு ஒட்டி வரும் எதிரிக்கு மறைந்து நிற்க ஓரடி நிலமும் கிடைக்கக் கூடாது என்று கணக்கிட்டு வரைந்த வடிவம் அது. மதில் வானளாவ உயராமல் தடித்து, உள்ளே மண் நிரப்பப்பட்டு இருப்பதற்கும் பீரங்கிக் குண்டே காரணம். இதைக் கண்ட பிள்ளைக்குப் பீரங்கி வெறும் இரும்புக் குழாயாகத் தோன்றாது.

பிறகு பீரங்கிக்கு வாருங்கள். அது யாருடையது என்பதை அதன் உடலிலேயே வாசிக்கலாம். குழாயின் மேற்புறத்தில் ‘வீ’ என்ற ஆங்கில எழுத்தின் இரு கைகளிலும் ‘ஓ’வும் ‘சீ’யும் கோத்த சின்னம் இருந்தால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் உடைமை; அதற்கு மேலே ‘ஏ’ இருந்தால் அக்கம்பனியின் அம்ஸ்ரர்டாம் பிரிவுக்கு உரியது. பக்கவாட்டில் நீளும் இரு முளைகளின் முகத்தில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், அது சுவீடனிலுள்ள பின்ஸ்பொங் வார்ப்புச்சாலையில் வார்த்து விற்கப்பட்டது. முடியும் அரசரின் பெயரெழுத்தும் இருந்தால் பிரித்தானியருடையது. பிரித்தானியப் பீரங்கிகளில் 18–2–14 என்பதுபோல் மூன்று எண்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை அந்தர், அந்தரின் கால் பங்கு, இறாத்தல் என்ற வரிசையில் பீரங்கியின் நிறையைச் சொல்கின்றன. அந்தருக்கு 112 இறாத்தல், கால் அந்தருக்கு 28 என்று பிள்ளைகளே கணக்கிட்டால் 2,086 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 946 கிலோகிராம் வரும். வாயின் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் இருந்தால் அது 12 இறாத்தல் இரும்புக் குண்டை எறிந்த பீரங்கி. பற்றவைக்கும் துளையில் ஆணி அறையப்பட்டுள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். விட்டுச் செல்லும் பீரங்கியை எதிரி பயன்படுத்தாதபடி ஆணி அறைந்துவிட்டுப் போவது அக்கால வழக்கம்.

பராமரிப்பையும் மதிப்பிடப் பழக்குங்கள். கடற்காற்றின் உப்பு இரும்பினுள் ஊறிவிட்டால், மேலே எத்தனை தடவை கறுப்பு மை பூசினாலும் துரு உள்ளிருந்து வெடித்து, இரும்பைச் செதில் செதிலாகக் கழற்றும். வாய் மேல்நோக்கி இருந்து மழைநீர் தேங்குகிறதா, சீமெந்துக் கட்டில் ஈரம் நிற்கிறதா என்பவை ஒரு நூதனசாலை தன் பொருளை மதிக்கிறதா என்பதைக் காட்டும்.

கடைசியாக, விளக்கப் பலகையில் பெரும்பாலும் இல்லாத ஒன்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த மதிலின் முருகைக்கற்களை வெட்டியவர்களும் சுமந்தவர்களும் நம்மூரவர்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்ற கட்டாய வேலைக்கு அழைக்கப்பட்டவர்கள். வெளி அரண்கள் 1792இல் முடிந்தன. 1795இல் கோட்டை போரின்றிப் பிரித்தானியரிடம் கையளிக்கப்பட்டது. அந்த மதில்கள் கடுமையான குண்டுவீச்சைக் கண்டது 1990இல்தான். 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம் அப்போரில் அழிந்தது. ஆயுதம் எதுவானாலும் அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு: ஒன்றில் அதைச் செய்தவரும் சுமந்தவரும் இயக்கியவரும் நிற்கிறார்கள், மற்றதில் அது யார்மேல் விழுந்ததோ அவர் நிற்கிறார். இரண்டையும் காட்டும் காட்சியே நல்ல காட்சி என்பது என் அளவுகோல். கீழ்வரும் பதில்களிலும் அதையே பயன்படுத்துகிறேன்.

கேள்வி: மகளிடம் இலண்டன் போகிறேன். மருமகன் இம்பீரியல் போர் நூதனசாலைக்கு ஒரு நாள் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். மிகப் பெரிது என்கிறார்கள். முழங்கால் வலியுள்ள எனக்கு எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று சொல்வீர்களா?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், சாவகச்சேரி

பதில்: முழுவதையும் பார்க்க முயல வேண்டாம். உள்ளே போகக் கட்டணம் இல்லை என்பதால் இன்னொரு நாள் திரும்பவும் போகலாம். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே 1917இல் நிறுவப்பட்டு, 1920இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூதனசாலை, 1936 முதல் இன்றைய கட்டடத்தில் இயங்குகிறது. அக்கட்டடம் முன்னர் மனநோயாளர் மருத்துவமனையாக இருந்தது. வாசலில் போர்க்கப்பல்களிலிருந்து கழற்றிய 15 அங்குலப் பீரங்கிகள் இரண்டு நிற்கும். பலரும் அவற்றின் முன் நெடுநேரம் செலவிட்டுக் களைத்துப்போய் உள்ளே நுழைகிறார்கள்; நீங்கள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்து செல்லுங்கள்.

உள்ளே, இரண்டாம் உலகப் போர்க் காட்சிக்கூடமும் யூத இன அழிப்புக் காட்சிக்கூடமும் 2021இல் புதிதாக அமைத்துத் திறக்கப்பட்டன. இரண்டுக்கும் பொதுவாக ஜேர்மனியின் ‘வீ-1’ பறக்கும் குண்டொன்று தொங்கவிடப்பட்டுள்ளது. உங்கள் நாளின் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்குங்கள் என்பேன். 1944 யூன் முதல் இலண்டன் வீடுகளின்மேல் விழுந்த குண்டு அது. அதே வகைக் குண்டுகளை நிலத்தடித் தொழிற்சாலையில் வைத்துப் பொருத்தியவர்களுள் வதைமுகாம் கைதிகள் பலர். செய்தவனையும் சாகடித்து, விழுந்த இடத்திலும் சாகடித்த பொருளை இரு கூடங்களுக்கும் நடுவில் தொங்கவிட்டபோது, நூதனசாலையினர் பலகையில் பல பக்கம் எழுதியும் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டார்கள். ஒரு பொருளை எங்கே வைப்பது என்பதும் ஒரு கருத்துத்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னுமொன்று: எந்தக் கூடத்திலும் முதலில் பொருளை ஒரு நிமிடமாவது பாருங்கள், பிறகே பலகையை வாசியுங்கள். பலகையை முதலில் வாசித்தால், அது சொன்னதை மட்டுமே கண் தேடும். கூடங்களில் இருக்கைகள் உண்டு, தயங்காமல் உட்காருங்கள்.

கேள்வி: நூதனசாலையில் எழுதி வைத்திருப்பதை நம்பலாமா? அரசாங்கத்தின் கருத்தைத்தானே அவர்கள் எழுதுகிறார்கள்?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: எல்லா இடத்திலும் அரசாங்கம் மட்டும் எழுதுவதில்லை, போரிட்டவர்களின் சங்கங்கள், பணம் கொடுப்போர், நாடாளுமன்றம், செய்தித்தாள்கள் என்று பல கைகள் அந்தப் பலகையைப் பிடித்து இழுக்கின்றன.

ஒட்டாவாவில் 2005இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட கனடியப் போர் நூதனசாலையில், ஜேர்மன் நகரங்கள்மீதான குண்டுவீச்சைப் பற்றிய பலகையொன்று, அத்தாக்குதலின் பயனும் அறமும் இன்னும் கடுமையான விவாதத்துக்குரியவை என்று சொல்லி, இறந்த ஜேர்மானியரின் தொகையையும் குறிப்பிட்டது. அந்த விமானங்களில் பறந்து உயிர் தப்பிய முதியவர்கள் தங்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவதாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விடயம் செனற் சபை வரை போய், 2007இல் பலகை மாற்றி எழுதப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசிய ‘எனோலா கே’ விமானத்தை மையமாக வைத்து நூதனசாலையொன்று திட்டமிட்ட விரிவான கண்காட்சி 1995இல் கைவிடப்பட்டு, விமானத்தின் ஒரு பகுதி மட்டும் சுருக்கமான விளக்கத்தோடு காட்டப்பட்டது; அதன் பணிப்பாளர் பதவி விலகினார். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 1975இல் அமெரிக்கரும் அவர்களின் கைப்பாவைகளும் செய்த குற்றங்களின் காட்சியகம் என்ற பெயரோடு திறந்த இடம், ஐக்கிய அமெரிக்காவுடன் இராஜதந்திர உறவு ஏற்பட்ட 1995இல் போர் எச்சங்களின் நூதனசாலை என்ற பெயரைப் பெற்றது.

இவற்றைக் கண்டு எல்லாமே பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; அது சோம்பேறித்தனமான முடிவு. ஒட்டாவாவின் முதற் பலகை சரியானதே என்பது என் கருத்து. அந்த முதியவர்களின் வலியையும் நான் மதிக்கிறேன்; ஆனால் அவர்களின் துணிவைச் சொல்வதற்காகக் கீழே எரிந்த நகரத்தைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. பலகையின் முன் நிற்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது வினைச்சொற்களை. கொன்றார்கள், கொல்லப்பட்டார்கள், உயிரிழப்பு ஏற்பட்டது: இவற்றுள் எதை யாருக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். எண்ணிக்கை சொல்லப்படும் இடத்தில் இறந்தவர் இரு தரப்பிலும் எண்ணப்பட்டிருக்கிறாரா என்றும், எண்ணுக்கு ஆதாரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்றுலா முடியும்போது அந்தத் தாளே உங்களுக்கு விடை சொல்லும்.

கேள்வி: ஏ-9 வீதியில் ஆனையிறவைக் கடக்கும்போது பேருந்துகள் நிற்கின்றன; இரும்புக்கவசம் பூட்டிய புல்டோசரைச் சுற்றி நின்று மக்கள் படம் எடுக்கிறார்கள். அந்தப் போரில் உறவினரை இழந்த எனக்கு இறங்கிப் பார்க்க மனம் வரவில்லை. பார்க்காமல் விடுவது தவறா?
– வாசகி, பளை

பதில்: தவறே இல்லை, அம்மா. எவரும் தன் துயரத்தை ஒரு காட்சியின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்ற கடமை கிடையாது.

மதிப்பீட்டைப் பற்றிக் கேட்பதாக எடுத்துக்கொண்டால் என் பதில் இது. 1991 யூலையில் ஆனையிறவு இராணுவ முகாமை நோக்கி விடுதலைப் புலிகள் செலுத்திய கவச புல்டோசர் அது. அதன்மேல் ஏறிக் கைக்குண்டால் அதைச் செயலிழக்கச் செய்து தானும் உயிரிழந்த இராணுவ வீரர் காமினி குலரத்னவுக்கு இலங்கையின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணய வழங்கப்பட்டது. அவ்விடம் அவருக்கான நினைவுச்சின்னம். ஒரு தரப்பு தன் வீரனைப் போற்ற எழுப்பும் சின்னத்திடம், நூதனசாலையிடம் கேட்கும் கேள்விகளை நாம் முழுமையாகக் கேட்க முடியாது. ஆனால் அதே பொருளைப் போரின் வரலாறாக மக்களுக்குக் காட்டும்போது கேள்விகள் எழவே செய்யும். ஊர்தியின் உள்ளே இருந்தவர்கள் யார், எந்த ஊர்ப் பிள்ளைகள், அதைக் கட்டிய பட்டறை எது, உப்பளத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் எங்கே போயின என்பவற்றுக்கு இடமில்லாத காட்சி பாதிக் காட்சியே. இதே கேள்விகளை மறு தரப்பு எழுப்பிய சின்னங்களிடமும் கேட்க வேண்டும். நம்மிடம் இரு தரப்பையும், இடையில் அகப்பட்ட பொதுமக்களையும் ஒரே கூரையின்கீழ் நேர்மையாகக் காட்டும் நூதனசாலை அமைய வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

கேள்வி: எங்கள் பாட்டனார் மலாயாப் புகையிரதப் பகுதியில் கிளாக்கராக இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். யப்பானியர் காலத்தைப் பற்றிக் கேட்டால் பேசமாட்டார். சயாம் மரண இரயில் பாதையைப் பற்றி எங்கே பார்க்கலாம்?
– வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: யாழ்ப்பாணத்தின் எத்தனையோ வீடுகளை எழுப்பியது மலாயாப் பணம், அந்தத் தலைமுறையின் மௌனத்தை நம்முள் பலர் அறிவோம். தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போங்கள்.

இரண்டாம் உலகப் போரில் யப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த, 1942இல் தொடங்கி 1943 ஒக்ரோபரில் முடிக்கப்பட்ட, 415 கிலோமீற்றர் நீளமான பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர், பர்மியர், மலாயர், யாவா மக்கள் முதலிய ஆசியத் தொழிலாளரின் இறப்புப் பற்றிய மதிப்பீடுகள் வேறுபட்டாலும், போர்க்கைதிகளின் இறப்பைப் போல் அது பல மடங்கு என்பதில் ஐயமில்லை. இந்த இரு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு காஞ்சனபுரிப் போர் மயானத்துள் நுழையுங்கள். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். வெட்டிய புல், பூஞ்செடி, பெயர், படைப்பிரிவு, வயது. அத்தனையும் போர்க்கைதிகளுக்கு. தோட்டத் தொழிலாளி வாந்திபேதியில் செத்த இடத்திலேயே புதைக்கப்பட்டான் அல்லது எரிக்கப்பட்டான். அவனுக்கு அப்படியொரு வரிசை கிடையாது. எந்தப் பலகையும் இல்லாமலே அந்த மயானம் சொல்லும் செய்தி இது.

மயானத்தை அடுத்துள்ள தாய்லாந்து–பர்மா புகையிரதப் பாதை மையம் என்ற நூதனசாலை, பாதை வெட்டிய முறை, நோய், உணவு ஆகியவற்றை விரிவாகக் காட்டுகிறது, நேரமெடுத்துப் பாருங்கள். குவாய் ஆற்றின் இரும்புப் பாலத்தில் சுற்றுலாப் பயணிகள் நெருங்கிக்கொண்டு நடப்பார்கள். அதன் வளைந்த மேற்சட்டங்களே பழையவை. நடுவிலுள்ள நேர்கோட்டுச் சட்டங்கள் இரண்டும், குண்டுவீச்சில் உடைந்தவற்றுக்குப் பதிலாகப் போரின் பின் வைக்கப்பட்டவை. எது அசல், எது பின்னர் வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு அந்தப் பாலம் மிக நல்லது.

அதே பாதையில் ஓடிய சி-56 வகை நீராவி இயந்திரம் ஒன்று டோக்கியோவில், யசுக்குனி ஆலயத்தைச் சேர்ந்த யூஷூக்கான் போர் நூதனசாலையின் நுழைமண்டபத்தில் துப்புரவாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பாதை திறந்த நாளின் பெருமையோடு அது காட்டப்படுகிறது என்றும், பாதைக்காக இறந்தவர்கள் அங்கே பேசப்படவில்லை என்றும் நெடுங்காலமாகக் குற்றச்சாட்டு உண்டு. அக்குற்றச்சாட்டை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இயந்திரம் அசலானது, பராமரிப்புக் குறைவற்றது. ஆனாலும் காட்சி என்ற அளவில் அது தோற்றுப்போன காட்சி.

கேள்வி: எட்டு வயதுப் பேரனை இப்படியான இடங்களுக்குக் கூட்டிச் செல்லலாமா? இரத்தக் காயங்களோடு மெழுகுப் பொம்மைகள் வைத்திருப்பார்களே.
– பாட்டி ஒருவர், சுன்னாகம்

பதில்: கப்பல், விமானம், கோட்டை என்றால் தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள், இறந்தவர்களின் படங்கள் உள்ள கூடங்களைப் பதினாலு, பதினைந்து வயது வரை பின்போடலாம். பொம்மைகளைப் பற்றி உங்களுக்குள்ள தயக்கம் எனக்கும் உண்டு. ஹிரோஷிமா அமைதி நினைவு நூதனசாலையில் தோல் உரிந்து தொங்கும் மனிதரைக் காட்டிய பொம்மைகள் 2017இல் அகற்றப்பட்டன. 2019இல் மீளத் திறந்த கூடம், இறந்தவர்களின் உண்மையான உடைமைகளை முன்னிறுத்துகிறது. மூன்று வயதுக் குழந்தையின் மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று அங்கே உண்டு. தகப்பன் அதைக் குழந்தையோடு சேர்த்துப் புதைத்து, பல ஆண்டுகளின் பின் தோண்டி எடுத்து நூதனசாலைக்குக் கொடுத்தார். பொம்மை பார்ப்பவரை அச்சுறுத்தும். அந்தச் சைக்கிளோ குழந்தை யார் என்று கேட்க வைக்கும்.

கேள்வி: வீட்டைத் திருத்தும்போது பழைய பங்கரிலிருந்து தண்டவாளத் துண்டு, சிலிப்பர் கட்டைகள், எறிகணைக் கோது ஒன்று ஆகியவை கிடைத்தன. ஜாம் போத்தல் விளக்கொன்றும் வைத்திருக்கிறோம். இவற்றுக்கு வரலாற்றுப் பெறுமதி உண்டா, இரும்புக்கு விற்றுவிடலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: முதலில் எறிகணை. அது வெறும் கோதுதான் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். தொடாமல், நகர்த்தாமல், பிள்ளைகளை அண்டவிடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள். வெடிபொருள் அகற்றப் பயின்றவர்கள் வந்து பார்த்து, பாதுகாப்பானது என்று சொன்ன பிறகே மற்றக் கதை.

மற்றவற்றை விற்க வேண்டாம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான இரயில் நின்று, 2014இல் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களின் கூரையாகிக் குடும்பங்களைக் காத்தன. ஒரு சொட்டு மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து எரித்த ஜாம் போத்தல் விளக்கு, பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. சைக்கிளைக் கவிழ்த்து மிதித்து டைனமோவில் வானொலி கேட்ட ஏற்பாடும் இவ்வகைதான். போர் நூதனசாலைகளில் துப்பாக்கிகள் நிறைய இருக்கின்றன. பொதுமகன் உயிர் தப்பிய வழியைக் காட்டும் பொருள்கள்தான் மிகக் குறைவு.

பொருளை மட்டும் வைத்திருந்தால் போதாது. கிடைத்த இடம், பங்கர் வெட்டிய ஆண்டு, அதற்குள் இருந்தவர்கள், தண்டவாளத்தை எங்கிருந்து யார் கொண்டுவந்தார்கள் என்பவற்றை எழுதிப் பொருளோடு சேர்த்து வையுங்கள். எடுப்பதற்கு முன் பங்கர் இருந்த நிலையையும் பல பக்கங்களிலிருந்து படம் பிடியுங்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் செய்த நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கலாம். துருவைச் சுரண்டாமல், மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டி வாசியுங்கள். விளக்கைக் கழுவ வேண்டாம். கரியும் திரியும் அப்படியே இருக்கட்டும். அதை ஏற்றியவர் உயிரோடு இருந்தால், எவ்வளவு எண்ணெய் விட்டார், எத்தனை பேர் அதைச் சுற்றி இருந்து படித்தார்கள் என்று கேட்டுத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பதிவின் தொடக்கத்தில் பேசுபவரின் பெயரையும் ஊரையும் திகதியையும் சொல்லவையுங்கள்.